பெற்றோர்–குழந்தை பேச்சைக் குறியிட எந்த முறை?

கட்டைகளை அடுக்கி விளையாடும் குழந்தையிடம் அம்மா கேட்கிறார்: "இது என்ன நிறம்?" "நீலம்." "ஆமா, நீலம். கீழே விழாம எவ்வளவு அழகா அடுக்கியிருக்கே!" மொத்தம் ஆறேழு விநாடிதான். ஆனால் ஆய்வுக்காக இதைக் குறியிட்டால், அதாவது பேச்சையும் நடத்தையையும் வகைப்படுத்திப் பதிந்தால், என்ன தரவு கிடைக்கும் என்பது நாம் எடுக்கும் முறையைப் பொறுத்தது. கேமராவைத் தொடுவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் குறியிட்ட பிறகும் கேள்விக்குப் பதில் வராது.

முதலில், ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாகக் குறியிடும் முறை. உளவியலாளர் ஷீலா ஐபெர்க் குழுவினர் உருவாக்கிய டிபிக்ஸ் (DPICS) என்ற குறியீட்டு முறை இதற்கு நல்ல உதாரணம். மேலே உள்ள அம்மாவின் பேச்சில் அது மூன்று குறிகளைப் பார்க்கும்: ஒரு கேள்வி, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல், எதற்கென்று சொல்லிப் பாராட்டுதல். வெறும் "சபாஷ்" என்றால் அது வேறு குறி. "பொம்மையை எடுத்து வைக்கலாமா?" என்பது கேள்வி போலத் தெரிந்தாலும் மறைமுகக் கட்டளை. இதே குறிகளைப் பயன்படுத்தும் பிசிஐடி (PCIT) என்ற பெற்றோர்–குழந்தை சிகிச்சையில், 5 நிமிட விளையாட்டில் எதற்கென்று சொன்ன பாராட்டு 10, திருப்பிச் சொல்லுதல் 10, குழந்தை செய்வதை விவரித்தல் 10 இருக்க வேண்டும். கேள்வி, கட்டளை, குறைகூறல் மூன்றும் சேர்ந்தே 3-க்கு மேல் போகக்கூடாது. பெற்றோரிடம் எது மாறியது என்று இவ்வளவு துல்லியமாக வேறு முறையில் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம் வரிசை. ஒவ்வொரு குறியோடும் நேரத்தையும் பதிந்தால், எதற்குப் பின் எது வருகிறது என்று தெரியும். பெற்றோர் கட்டளையிட, குழந்தை அடம்பிடிக்க, பெற்றோர் குரலை உயர்த்த, குழந்தை இன்னும் கத்த, கடைசியில் பெற்றோர் விட்டுக்கொடுக்க, அடம் பலித்துவிடுகிறது. உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விவரித்த இந்தச் சுழலை வெறும் எண்ணிக்கையில் பார்க்கவே முடியாது. வீடியோவில் நேரத்தோடு குறியிட உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஈலான் (ELAN) மென்பொருளே இந்த வேலைக்குப் போதும். ஆனால் உழைப்பு அதிகம்: பத்து நிமிட வீடியோவுக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

அடுத்தது ஒட்டுமொத்த மதிப்பீடு. முழு வீடியோவையும் பார்த்துவிட்டு, குழந்தையின் குறிப்பறிந்து பெற்றோர் நடக்கிறார்களா, தேவையில்லாமல் குறுக்கிடுகிறார்களா என்று மதிப்பெண் போடுவது. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் 9 புள்ளி அளவுகோல் இந்த வகை. பெற்றோரின் நடத்தையை மதிப்பிடும் பிக்கோலோ (PICCOLO) பட்டியலில் 29 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. முதல் முறை தவறவிடும் தொனியை இது பிடிக்கும்: பாராட்டு சலிப்போடு வந்ததா, குழந்தை நிமிர்ந்து பார்த்த நேரத்தில் வந்ததா என்பதையெல்லாம். பாசப்பிணைப்பு ஆய்வுக்கு நான் இதையே எடுப்பேன். ஆபத்து ஒன்று உண்டு: சிரித்த முகமான அம்மாவுக்கு எல்லாக் கூறிலும் மதிப்பெண் ஏறிவிடும். ஒன்றில் எழுந்த எண்ணம் மற்றதிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், எண்ணிக்கை எடுத்தவரையே மதிப்பீடும் செய்யச் சொல்லக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் குழு வேண்டும்.

பத்து விநாடிக்கு ஒருமுறை 'நடந்ததா, இல்லையா' என்று குறிக்கும் இடைவெளி முறை எனக்கு உவப்பில்லை. அரை விநாடிச் சிரிப்பும் முழு இடைவெளிச் சிரிப்பும் அதில் ஒன்றுதான். நேரடியாகப் பார்த்துக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சரி.

கடைசியாக, லீனா (LENA) போன்ற, பேச்சைப் பதிந்து அலசும் தானியங்கிக் கருவி. குழந்தையின் சட்டைப்பையில் வைத்தால் 16 மணி நேரம் வரை பதிந்து, பெரியவர் பேசிய சொற்கள், குழந்தையின் குரல், பேச்சு மாறிமாறி நடந்த தடவைகள் மூன்றையும் தானே கணக்கிடும். கேமரா முன் நடக்கும் நல்ல பிள்ளை நடிப்பு இதில் குறைவு. ஆனால் கொஞ்சினாலும் திட்டினாலும் கருவிக்கு ஒன்றுதான். அமெரிக்க ஆங்கிலத்தை வைத்துப் பழக்கப்பட்டது என்பதால், வேறு மொழியில் ஒரு பகுதியையாவது மனிதர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 'எவ்வளவு பேசுகிறார்கள்' என்பது கேள்வியானால் இது அருமை. 'எப்படி' என்று கேட்டால் கைவிரிக்கும்.

மனிதர் குறியிடும் எந்த முறையிலும் இரண்டு பேரின் ஒத்துப்போதலைச் சதவீதத்தில் மட்டும் சொல்வது ஏமாற்றும். குறைகூறல் 5 சதவீத இடைவெளிகளில் மட்டும் வருகிறது என்று வையுங்கள். இருவரும் அதே அளவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 90.5 சதவீதம் ஒத்துப்போகும். 92 சதவீத ஒத்துப்போதல் வந்தாலும், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா வெறும் 0.16 தான் (முழு ஒத்துப்போதலுக்கு 1). எனவே வகைக் குறிகளுக்குக் கப்பாவும், மதிப்பெண்களுக்கு உள்வகுப்பு ஒட்டுறவும் (இருவர் போட்ட மதிப்பெண்கள் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ICC அளவு) கட்டாயம். அப்புறம், சரிபார்ப்புக்காக இருவர் குறியிடும் வீடியோ எது என்று குறியிடுபவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அதில் மட்டும் கவனம் கூடி, கிடைக்கும் கப்பா மற்ற வீடியோக்களுக்குப் பொருந்தாது.