கட்டடக் கடன் எடுக்கப் போகிறவர்களுக்கு: அந்த 50 இலட்சக் கோடு

கடனுக்காக வங்கி எங்கள் காணியை ஏலம் விடப் போகிறது என்று பத்திரிகையில் வந்த அறிவித்தலை எங்கள் வீட்டில் முதலில் கண்டது மாமிதான். காணியின் நான்கு எல்லைகளையும் விரல் வைத்து வாசித்துவிட்டு, "மருமகன், இது நம்மட வளவுதானே?" என்று கேட்டார். அவருடைய தாய் அவருக்குக் கொடுத்து, அவர் என் மனைவிக்குச் சீதனமாக எழுதிய 22 பேர்ச்சஸ். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அந்த வளவுக்கு வந்து குடியேறியவன். அதைக் கொண்டுபோய் ஈடு வைத்ததும் நான்தான்.

வழக்கு நடப்பதால் வங்கியின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் எனக்கு நடந்தது எந்த வங்கியிலும் நடக்கலாம்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன பேக்கரி. ஒரு விறகுப் போறணை, நான்கு பேர் வேலை, இரண்டு ஆட்டோவில் பாண் போகும். வளவின் முன்பக்கம் வீதியைப் பார்த்து ஒரு கட்டடம் போட வேண்டும், கீழே கடையும் புதிய போறணையும், மேலே மா மூட்டை அடுக்க ஓர் அறையும் என்று 2021-இல் ஆசைப்பட்டேன். மேசன் போட்ட கணக்கு 45 இலட்சம். வங்கியில் அதைத்தான் கேட்டேன்.

கடன் பிரிவில் இருந்த தம்பி நல்ல மரியாதையாகப் பேசினார். "45 எடுத்து நடுவில நின்டு போனா என்ன செய்வீங்க அண்ணன்? 62 போடுவம். தேவையில்லாட்டி கடைசித் தவணைய எடுக்காம விடலாம்" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. 25, 19, 18 என்று மூன்று தவணை. காணி மனைவியின் பெயரில் இருந்ததால், அவரும் கூட்டுக் கடனாளியாக ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். அந்த 'போதும்' என்ற சொல்லின் விலை எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடன் ஒருவருடையது, காணி இன்னொருவருடையது என்றால் வங்கி அதை நேரடியாக ஏலம் விடலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. என் மனைவியும் கடனாளி ஆனதால், அந்தக் கேள்வியை எழுப்பும் வழி எங்களுக்கு அடைபட்டுப் போனது.

வங்கி தந்த கடன் கடிதம் பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழில் தாருங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி மட்டும் "இஞ்ச பாருங்க, ஒரு லோயரிட்டக் காட்டிப்போட்டு வைப்பமே" என்றார். பத்தாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நான் வேண்டாம் என்றேன்.

முதல் தவணை ஓகஸ்டில் வந்தது, இரண்டாவது 2022 ஜனவரியில். சுவர் எழும்பி, மேல்தட்டுக்குக் கம்பியும் கட்டியாயிற்று. அதற்குள் நாட்டின் நிலைமைதான் உங்களுக்குத் தெரியுமே. கடன் எடுத்தபோது ஆயிரத்துச் சொச்சமாக இருந்த சீமெந்து மூட்டை மூவாயிரம் அளவுக்கு ஏறியது. டீசலுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு. மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போட மூன்றாம் தவணையைக் கேட்டுப் போனேன்.

மதிப்பீட்டாளர் வந்து அளந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு பதில்: செலவு மதிப்பீடு கூடிவிட்டதால், கூடிய தொகையை முதலில் என் கைக்காசில் போட்டுக் காட்ட வேண்டும், அதன் பிறகே மிச்சம் விடுவிக்கப்படும். அந்தக் காசு என்னிடம் இருந்தால் ஏன் கடன் எடுத்திருப்பேன்? "ஏழாம் பக்கத்தில இருக்கு அண்ணன்" என்றார் அதே தம்பி. இருந்தது. எந்தத் தவணையையும் தன் விருப்பப்படி வங்கி நிறுத்தி வைக்கலாம் என்று ஒரே ஒரு வசனம்.

சரி, வேறு வங்கிக்குப் போகலாம் என்றால் அங்கே காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கிறார்கள். 62 இலட்சத்துக்கு முதல் ஈடு பதிந்து கிடக்கிறது. எனக்குக் கையில் வந்தது 44, காணியில் ஏறியது 62. இதை எவருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

வட்டியைக் கேளுங்கள். முதல் வருடம் 11 சதவீதம். அதன் பிறகு 'சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம்' என்று வாயில் நுழையாத ஒன்றும், அதாவது வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குப் போடும் வட்டியின் சராசரியும், அதன் மேல் 4-உம். கையெழுத்து வைத்தபோது அந்த வீதம் ஒற்றை இலக்கத்தில் இருந்ததால் நான் கணக்கெடுக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வருடம் முடியும்போது அந்த வாயில் நுழையாத வீதம் 27-ஐத் தாண்டியிருந்தது. அதோடு 4 சேர்த்தால் 31. 44 இலட்சத்துக்கு 31 என்றால், மாதம் 1,13,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும். கூரையில்லாத கட்டடத்தில் பாண் விற்க முடியாது. பழைய போறணையின் வருமானத்தில் முடிந்ததைக் கட்டினேன், மிச்சம் ஏறிக்கொண்டே போனது.

இனி வருவதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

2023 நடுவில் வங்கியே கூப்பிட்டது. "மீள் அட்டவணைப்படுத்துவம், தவணை குறையும்" என்றார்கள். நானும் கும்பிட்டு ஒத்துக்கொண்டேன். சேர்ந்துபோன வட்டியையும் கட்டணங்களையும் 44 இலட்சத்தோடு கூட்டி, 53 இலட்சத்து 40 ஆயிரத்துக்குப் புதிய கடன் என்று பத்திரம் எழுதினார்கள். புதிய காசு ஒரு சதமும் என் கைக்கு வரவில்லை.

1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம், அதாவது எல்லோரும் 'பராட்டே' என்று சொல்வது, கடன் கட்டாதவரின் ஈட்டுக் காணியை வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போட்டால் போதும். நீதவானும் இல்லை, தவணை கேட்கும் இடமும் இல்லை. ஆனால் அதில் 2011-இல் ஒரு திருத்தம் வந்தது. கடனாக எடுத்த முதல், அதாவது அசல் தொகை, 50 இலட்சத்துக்குக் குறைவானால் இந்த அதிகாரத்தைப் பாவிக்க முடியாது. அந்த முதலைக் கணக்கிடும்போது வட்டியையும் தண்டப் பணத்தையும் சேர்க்கவும் கூடாது.

நான் முதலில் கேட்டது 45. உண்மையில் வந்தது 44. இரண்டும் கோட்டுக்குக் கீழே. எழுதிக் கொடுத்த 62-உம், வட்டியைக் கூட்டிச் செய்த 53.4-உம் கோட்டுக்கு மேலே. அந்தத் தம்பி இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாரா என்று மனைவி கேட்பார். இருக்காது, அவருக்கும் கடன் கொடுக்கும் இலக்கு ஒன்று இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மீள் அட்டவணை எழுதிய மேலிடத்தைப் பற்றி எனக்கு அந்த நல்லெண்ணம் கிடையாது.

2024-இல் பாராளுமன்றம் அந்த ஏல அதிகாரத்தை டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது, பிறகு அது நீடிக்கவும் பட்டது. அந்த இடைவெளியில் நிம்மதியாகத் தூங்கினேன், அதுவும் ஒரு மடத்தனம். அப்போதே மத்திய வங்கியின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1935-க்கு எடுத்திருக்க வேண்டும். அறிவித்தல் வந்த பிறகு எடுத்தபோது, முதலில் வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் பதிலோடு வரச் சொன்னார்கள். வங்கி ஒரு பக்கத்தில் பதில் தந்தது. ஏழாம் பக்கம் அதிலும் வந்தது.

அப்புறம் கொழும்பில் ஒரு சட்டத்தரணி. இரவு பஸ்ஸில் போய் காலையில் இறங்கி, கோப்பைக் கொடுத்தேன். மற்ற எதையும் அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. பணம் எந்தெந்த நாளில் என் கணக்கில் விழுந்தது என்று காட்டும் வங்கிக் கூற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஏல நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது தடையுத்தரவு கிடைத்தது. மீள் அட்டவணை என்பது புதிய கடன், நீங்களே கையெழுத்து வைத்தீர்கள் என்பது வங்கியின் பக்கம். 44-க்கு மேல் ஏற்றியது வட்டிதான், முதல் இல்லை என்பது எங்கள் பக்கம். இதுவரை சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் போன காசில் மேல்தட்டின் பாதியைப் போட்டிருக்கலாம்.

இப்போது யாராவது உங்களிடம் மீள் அட்டவணைப் பத்திரத்தை நீட்டினால், வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பேனாவைத் திறக்காதீர்கள். கேட்ட தொகைக்கு மேல் தரச் சம்மதித்தால், கடைசித் தவணை எந்த நிபந்தனையில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் வந்த ஒவ்வொரு நாளின் கூற்றையும் பத்திரப்படுத்துங்கள், என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

வழக்கின் அடுத்த தவணை வருகிற மாதம். கட்டிய கம்பி துருப்பிடித்துவிட்டது, மேசன் வந்து பார்த்துவிட்டுப் பாதியை மாற்ற வேண்டும் என்கிறார். மாமி இப்போதும் பத்திரிகையில் அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் விரிக்கிறார்.