பில்ட்-இன் ஓவனைச் சுத்தம் செய்ய: சூடா, ஆவியா, சோடாவா?

மாடுலர் கிச்சனில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓவன் இடம் விட்டாயிற்று, கடைக்குப் போனால் எந்த மாடலைக் காட்டினாலும் "இது தானே சுத்தம் பண்ணிக்கும் சார்" என்கிறார்கள். அந்த ஒரே பேச்சில் பைரோலிட்டிக், காட்டலிட்டிக், ஆவி என்று மூன்று வகை விற்கிறது, விலையிலும் ஆபத்திலும் மூன்றுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேக், பிஸ்கட், எப்போதாவது பீட்சா என்று ஓடும் வீட்டுக்கு ஆவி வசதியும் ஒரு பாக்கெட் ஆப்பசோடாவும் போதும். வாராவாரம் முழுக்கோழியும் தந்தூரியும் போடுகிறவர்கள் மட்டும் பைரோலிட்டிக்குக்குக் காசு கொடுக்கலாம்.

பைரோலிட்டிக் என்பது உள்ளே ஒட்டிய எண்ணெயையும் மசாலாவையும் சாம்பலாகும்வரை எரிப்பது. நாம் பேக் செய்வது 180, 200 டிகிரியில். இது 480, 500 டிகிரி செல்சியஸ் வரை போய், அழுக்கைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை ஓடும். சூடு ஏறும்போதே கதவு பூட்டிக்கொள்ளும், போதுமான அளவு ஆறாமல் திறக்காது. கடைசியில் ஈரத்துணியால் சாம்பலைத் துடைத்து எடுத்தால் எனாமல் பளிச்சென்று இருக்கும். சுத்தத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு முறை இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சுத்தத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. தரையில் தேங்கிய எண்ணெயைக் கையால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளேயே தீப்பிடிக்கும். கம்பித் தட்டு, ட்ரே, பக்கவாட்டுச் சட்டம் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், அந்தச் சூட்டைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் விடலாம். நான்ஸ்டிக் ட்ரே தவறியும் உள்ளே இருக்கக் கூடாது. எரியும் பிசுக்கிலிருந்து புகை வரும், அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும் சிம்னி இருந்தால் அதையும் போட்டு, ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் சமையலறைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் கூண்டை வேறு வீட்டுக்கே கொண்டு போய்விடுங்கள். பறவைகளின் நுரையீரல் இந்தப் புகையைத் தாங்காது, செத்தே போகும். கரண்ட் நாலைந்து யூனிட் போகும், அது பெரிய விஷயமில்லை. இன்னொன்று, அவ்வளவு சூட்டில் சில ஓவன்களில் பாதுகாப்பு ஃபியூஸ் போய்விடுவது உண்டு. எனவே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இதை ஓட்டாதீர்கள், மெக்கானிக் கிடைக்கமாட்டார்.

காட்டலிட்டிக் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் சொரசொரப்பாக ஒரு பூச்சு இருக்கும், 200 டிகிரிக்கு மேல் போகும்போது தெறித்த எண்ணெயை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சரி, நல்ல யோசனைதான், ஆனால் எல்லாம் வழிந்து விழுவது தரையில், தெறிப்பது கதவுக் கண்ணாடியில், இரண்டிலும் அந்தப் பூச்சு கிடையாது. சர்க்கரைப் பாகு, பால் ஏதாவது பட்டால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. அதைவிட வேடிக்கை, தேய்த்தாலோ ஸ்பிரே அடித்தாலோ அந்தத் துளைகள் அடைத்துப் பூச்சே கெட்டுப்போகும். நாளாக நாளாக வேலை செய்வதும் குறையும்.

ஆவி முறை பேருக்கு ஏற்றபடி சாது. உள்ளே குழியில் கையேடு சொல்லும் அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டினால், 100 டிகிரிக்குள்ளேயே பிசுக்கு ஊறிவிடும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்து எடுக்கலாம். நேற்றைய எண்ணெய் வரும், ஆறு மாதம் கருகிய கறை வராது. போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும், ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

பழைய கறைக்குக் கைதான். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, ஹீட்டர் கம்பியிலும் ஃபேன் ஓட்டையிலும் படாமல் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதன் மேல் வினிகர் ஊற்றிப் பொங்கவைப்பதை எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். காஸ்டிக் சோடா உள்ள ஓவன் ஸ்பிரே இதைவிடப் பல மடங்கு வேகம், ஆனால் தோலையும் கண்ணையும் பொசுக்கும், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். சூடான ஓவனிலும் அலுமினிய ட்ரேயிலும் அடிக்கவே கூடாது. பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம், அது வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

எந்த வகை வாங்கினாலும் பில்ட்-இன் என்பதால் வரும் தொல்லை ஒன்று உண்டு: ஓவன் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பின்னாலும் கீழேயும் காற்று போக இடைவெளி விட வேண்டும், அழகுக்காக அதை அடைத்துவிட்டால் பக்கத்து ஷட்டர் லேமினேட் உரிந்து வரும். சமையல் முடிந்தபின்னும் கூலிங் ஃபேன் ஓடுவது அதற்காகத்தான், மெயின் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். 3,500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதாவது 16 ஆம்ப் பிளக்கின் விளிம்பு. அதற்கென்று தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. தரையில் அலுமினிய ஃபாயில் விரித்தால் சுத்தம் செய்யும் வேலை மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு, சூடு அங்கேயே தேங்கி எனாமலைக் கெடுத்துவிடும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் மெயினை அணையுங்கள், காற்று இல்லாமல் தானே அடங்கும்.

கதவுக் கண்ணாடியைக் கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும், பிறகு ஒருநாள் சூட்டில் அந்தக் கீறலிலிருந்தே நொறுங்கலாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே எண்ணெய் இறங்குவதும் சகஜம், எந்தச் சூடும் ஆவியும் அங்கே போகாது. அதனால் கடையில் கதவைத் திறந்து உள் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாவிட்டால் அடுத்த மாடலைப் பாருங்கள்.