போஸ்ட்கிரெஸ்: புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

புரொடக்‌ஷனில் (பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வரில்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். எந்த வெர்ஷன் போடலாம் என்று கேட்பவர்கள் 16-ஆ, 17-ஆ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் (14.3 என்றால் 14 மேஜர் வெர்ஷன், 3 மைனர்).

14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பர் கடைசியில் வெளிவந்தது. டேபிளைப் பூட்டாமல் இண்டெக்ஸ் (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) கட்டும் 'கன்கரன்ட்லி' வசதியை எல்லாரும் நம்பித்தான் பயன்படுத்துகிறோம். 14.0 முதல் 14.3 வரை அதில் ஒரு பிழை இருந்தது: கட்டும் நேரத்தில் டேபிளில் அப்டேட் நடந்தால் சில வரிசைகள் இண்டெக்ஸில் விடுபட்டுப் போகலாம். எர்ரர் எதுவும் வராது. டேபிளில் இருக்கும் வாடிக்கையாளரைத் தேடினால் 'இல்லை' என்று அமைதியாகப் பதில் வரும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் என்றால் இரட்டைப் பதிவும் நுழைந்துவிடலாம். வழக்கமான வெளியீட்டுத் தேதிக்குக் காத்திராமல் 2022 ஜூனில் 14.4-ஐ வெளியிட்டார்கள். ஆனால் அதைப் போட்டால் மட்டும் போதாது. முன்பே கெட்டுப்போன இண்டெக்ஸ் தானாகச் சரியாகாது, மறுபடி கட்டியே ஆக வேண்டும். நாங்கள் அப்போது 13-இல் இருந்ததால் இதையெல்லாம் வேடிக்கைதான் பார்த்தோம்.

அதனால்தான் புதிய மேஜர் வெர்ஷனை .3, .4 வரும்வரை தொடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு மைனர் என்ற கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வருடம். ஒவ்வொரு மேஜருக்கும் ஐந்து வருட ஆதரவு உண்டு என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. மேஜர் வெர்ஷனை மாற்றும் பிஜி_அப்கிரேட் கருவி இடையிலுள்ளவற்றைத் தாண்டி, 13-இலிருந்து நேராக 17-க்கே கொண்டுபோகும்.

மைனர் விஷயத்தில் கதை தலைகீழ். 'ஓடுகிற வண்டியை ஏன் தொடணும்' என்று 13.4-லேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சரி, வந்த அன்றே போட வேண்டுமா? அதுவும் வேண்டாம். 2024 நவம்பரில் 17.1 வந்தபோது உள்ளே ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு மாறியதால், பழையதை வைத்து கம்பைல் செய்த டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் இணைப்புகள்) சிக்கலில் மாட்டின. ஒரே வாரத்தில் 17.2 வந்தது. அவசரமான பாதுகாப்புப் பிழை இல்லையென்றால், ஸ்டேஜிங்கில் (சோதனைச் சர்வரில்) ஒரு வாரம் ஓடவிட்டு அப்புறம் போடுகிறேன்.

மேஜர் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: 17 வரைக்கும் பிஜி_அப்கிரேட், குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானரின் புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. முடிந்ததும் அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டாமல் டிராஃபிக்கைத் திறந்துவிட்டால் சாதாரண குவெரி கூட டேபிள் முழுவதையும் ஸ்கேன் செய்யும், சிபியு திணறும், பழி புது வெர்ஷன் மேல் விழும். 2025 செப்டம்பரில் வந்த 18-இல் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் வெர்ஷனைப் பாருங்கள். 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. அந்தக் கோட்டைத் தாண்டும்போது, அதன் வரிசையை நம்பியிருக்கும் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள். இதற்கும் எர்ரர் எதுவும் வராது.