கில்பெக் தேவாலயம்: உள்ளே போகும் முன் வெளியே இரண்டு சுற்று

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 14 கி.மீ. தள்ளி இருக்கும் சின்ன ஊர் கில்பெக். அங்குள்ள புனித மரியாள், புனித டேவிட் தேவாலயத்துக்குக் கோபுரம் கிடையாது. மேற்கு முனையில் மணி தொங்க ஒரு மாடம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அப்படி வந்துவிட்டுக் காரில் ஏறுகிறவர்கள் பார்த்தது பாதிகூட இல்லை. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது நிற்கும் கட்டடம் ஏறக்குறைய 1140-ஐச் சேர்ந்தது. 1134-ல் ஹியூ என்ற நார்மன் பிரபு (1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மன்கள்) இங்கிருந்த தேவாலயத்தை க்ளாஸ்டர் நகரத்துத் துறவியர் மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். இந்தக் கட்டடம் அதற்குப் பின் எழுந்தது. அதற்கும் முந்தைய, நார்மன்களுக்கு முன் இங்கே ஆண்ட சாக்ஸன்கள் காலத்துச் சுவரின் மிச்சம், நெடுங்கூடத்தின் வடகிழக்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அமைப்பு எளிமையானது: மக்கள் கூடும் நெடுங்கூடம், அடுத்துச் சற்றுக் குறுகிய குருக்கள் பகுதி, கடைசியில் அரைவட்டமாக முடியும் பீட அறை. மூன்றும் ஒரே வரிசையில். பின்னாளில் பக்கக் கூடங்கள் சேர்த்துப் பெருக்கப்படாததால் 12-ம் நூற்றாண்டுத் தரைத்திட்டம் அப்படியே படிக்கக் கிடைக்கிறது.

முதலில் தெற்கு வாசல். இங்கேயே அரை மணி நேரம் போய்விடும். கதவுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் கிளை பரப்பிய ஜீவ விருட்சம். அதைச் சுற்றிய வளைவில், சங்கிலிபோல் கோத்த வட்டங்களுக்குள் பறவைகளும் டிராகன்களும். வெளி நிலைக்கால்களில் பாம்புகள், ஒன்றின் வாலை அடுத்தது விழுங்கியபடி. இடப்பக்கத் தூணில் கொடிகளுக்கு நடுவே ஒல்லியான இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கால்சட்டையின் வரிவரியான மடிப்பைக்கூட எண்ணலாம். வலப்பக்கத் தூணின் தலைப்பில் ஒரு முகம், வாயிலிருந்து இலைக்கொடியைக் கக்குகிறது. கிட்டத்தட்ட 900 வருடம் ஆன உளிவேலை இது. கெட்டியான செம்மணற்கல் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும், தொடாதீர்கள். ஆயிரம் விரல்கள் உரசினால் மணற்கல்லின் மேல்தோல் போய்விடும்.

அடுத்தது கூரைக்கடியில் வரிசைகட்டி நிற்கும் தாங்குகற்கள்: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், உருவங்கள் செதுக்கிய கற்கள். முதலில் இருந்தவை 91, மிஞ்சியவை 85. கீழிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் முண்டும் முடிச்சுமாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் போவது, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போவது போல. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாயும் முயலும் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு மூட்டும். சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி ஒன்று உண்டு. பார்த்தால் குதிரை மாதிரி இருக்கிறது; சிற்பிக்கு ஆட்டைவிடக் குதிரை நன்றாக வந்திருக்கும் போல. பீட அறையின் அரைவட்ட வெளிச்சுவரில் இருப்பது ‘ஷீலா-நா-கிக்’, தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண் உருவம். காமத்துக்கு எச்சரிக்கை என்பார்கள், தீய சக்தியை விரட்ட என்பார்கள், வளமையின் குறி என்பார்கள். ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேற்குச் சுவரில் வாய் பிளந்து நீட்டிக்கொண்டிருக்கும் டிராகன் தலைகளையும் விட்டுவிடாதீர்கள். வைக்கிங்குகளின் ஸ்காண்டிநேவியச் சிற்பச் சாயல் அவற்றில்தான் பளிச்சென்று தெரிகிறது.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. கோடை உச்சி வெயிலில் கூரை விளிம்பின் நிழல் தாங்குகற்கள் மேல் விழுந்து எல்லாம் கறுத்துவிடும். வாசல் சிற்பமும் தட்டையாகத் தெரியும். காலையிலோ பிற்பகல் கடைசியிலோ வெயில் தெற்குச் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போதுதான் செதுக்கலின் ஆழம் எழும்பி வரும். வடக்குப் பக்கத்துக்கு மேகமூட்டமே நல்லது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் எதற்கும் உதவாது.

உள்ளே இருட்டு. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். குருக்கள் பகுதிக்கு முன்னுள்ள வளைவின் இருபுறமும், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக மூன்று மூன்று புனிதர்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலய வாசல் தூண்களை இது நினைவூட்டுகிறது என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள். பீட அறைக் கூரையின் கல் விலா வளைவுகள் கூடும் இடத்தில் சிங்கத் தலைகள். வயிற்றைக் கைகளால் கட்டிப்பிடித்த மாதிரி செதுக்கிய தீர்த்தத் தொட்டியையும் தேடிப் பாருங்கள். 1840-களில் லூயிஸ் காட்டிங்ஹம் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்திருப்பதால் கண்ணில் படும் எல்லாமே நார்மன் காலத்தது என்று எண்ண வேண்டாம். வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால் உள்ளே கொஞ்சம் ஏமாற்றம்தான். அரை நட்சத்திரத்தை அதற்காகக் குறைக்கிறோம். இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம் இது, ஆராதனை நேரம் பார்த்துப் போங்கள்.

மேற்கே கோட்டை மேடும் அதன்மேல் இடிந்த சுவர்த் துண்டுகளும் இருக்கின்றன. பத்து நிமிடம் போதும். மழை பெய்திருந்தால் புல் வழுக்கும்.

முடிந்தால் அதே ஹெரிஃபோர்ட்ஷயரின் வடக்கே ஷாப்டனுக்கும் போய்வாருங்கள். சாந்தியாகோவுக்கு யாத்திரை போன ஆலிவர் தெ மெர்லிமண்ட் 1130-களில் கட்டிய தேவாலயம் அங்கே இருந்தது; கில்பெக்கின் அதே சிற்ப மரபு. 1750-களில் அதை இடித்து, வளைவுகளை மட்டும் பெயர்த்து, பூங்கா அலங்காரமாக மேட்டில் நட்டுவிட்டார்கள். கூரைக்கு அடியில் இருப்பதற்காகச் செதுக்கிய கல் திறந்தவெளிக்கு வந்தது. மழைநீர் ஊறி, குளிரில் உறைந்து விரிந்து, செதில் செதிலாக உதிர்ந்தது. இன்று அங்கே முகம் இருந்த இடத்தில் மேடுதான் தெரிகிறது. கில்பெக்கை முதலில் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்த மேடு எந்த முகம் என்று அடையாளம் பிடிபடும்.

5-க்கு 4½.