12 வருஷம் சுமந்த பயணக் கையேடும் அது விழுங்கிய பாலமும்

போன வாரம் என் பயணக் கையேடு பைண்டரிடமிருந்து திரும்பி வந்தது. தென்கிழக்கு ஆசியா முழுமைக்குமான தடித்த புத்தகம், ஆயிரம் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு, 2013 கடைசியில் வாங்கியது. அதே வாரம் சித்தி மகள் போனில், "அக்கா, அடுத்த மாசம் கம்போடியாவுல சியம் ரீப் போறோம். உங்க புத்தகம் போதுமா, இல்ல கைடு வைக்கணுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே கோபத்தில் குரலை உயர்த்திவிட்டேன், அவள்மேல் இல்லை, புத்தகத்தின்மேல். சரி, எழுதியே வைத்துவிடலாம், வேறு யாருக்காவதும் உதவும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் குறையை வேறு பதிப்பகங்களின் புத்தகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

குறை இதுதான். ஊர் வரைபடத்தை இரண்டு பக்கத்துக்கும் பரப்பிப் போடுகிறார்கள். ஊரின் நடுவில் எது இருக்கிறதோ அதுதான் படத்தின் நடுவிலும் வரும், அது நேராகப் போய் நடுமடிப்பில் விழும். தையல் போடாமல் பசை மட்டும் வைத்து ஒட்டிய புத்தகம் என்பதால் அதை முழுக்க விரிக்கவும் முடியாது, விரித்தால் முதுகு உடையும். சியம் ரீப்பில் ஊர் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஆறு ஓடுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை வரைக்கும் மாலியோபோரோ தெரு அப்படியே தெற்கு நோக்கிப் போகிறது. இரண்டும் மடிப்புக்குள். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரின் முதுகெலும்பே படத்தில் காணாது.

2014 ஜனவரியில் அம்மாவோடு சியம் ரீப் போனேன். ஆற்றுக்குக் கிழக்கே, வாட் போ சாலையில் தங்கியிருந்தோம். பழைய சந்தை ஆற்றுக்கு மேற்கே. இரவு அங்கே போகலாம் என்று கிளம்பி, படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஆற்றைக் கடக்கிற கோடாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வடக்கே 6ஆம் எண் நெடுஞ்சாலை. தடித்த கோடு என்பதால் அது மட்டும் மடிப்பைத் தாண்டித் தெரிந்தது. ஆற்றங்கரையை விட்டு உள்ளே இருந்த சாலை வழியாகவே வடக்கே அவ்வளவு தூரம் நடந்து, பாலத்தைக் கடந்து, மறுகரையில் அதே தூரம் திரும்பி நடந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு வார்த்தை சொல்லவில்லை, நடுவில் இரண்டு தடவை நின்றார், அவ்வளவுதான். சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதன் பக்கத்திலேயே ஆற்றின்மேல் விளக்கு கட்டிய நடைபாலம் ஒன்று இருந்தது. நாங்கள் கிளம்பிய பக்கத்துக்கு நேராகப் போகும் பாலம். படத்தில் அது இருந்திருக்கிறது, மடிப்புக்குள் இருந்திருக்கிறது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

மறுநாள் அங்கோர் வாட். அங்கேயும் அதே கதை, கோவிலின் தரைப்படத்தில் மேற்கு வாசல் இடது பக்கத்தில் அழகாக இருக்கிறது, நடுக்கோபுரம் மடிப்பில். அந்தப் பயணத்தில் ஒரு கைடும் வைத்திருந்தோம், உரிமம் பெற்றவர், சீருடை போட்டு வந்தார். மேற்குச் சுற்றுப் பிரகாரத்தின் குருட்சேத்திரப் போர்ச் சிற்பத்தில் தொடங்கி இடஞ்சுழியாகக் கூட்டிப் போனார், அதுதான் அங்கே சரியான வரிசை என்றும் சொன்னார். அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் கோவிலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு கைவினைக் கடையில் எங்களை நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டார். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்துக்கு வந்தபோது வெயில் ஏறி, அவருக்கும் அவசரம் வந்து, ஏறக்குறைய 49 மீட்டர் நீளச் சிற்பத்தை ஐந்து நிமிடத்தில் கடந்தோம். அம்மா அந்தக் கதையை எனக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லி வந்தவர். அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர். கடைக்காரர் தரும் கமிஷன் இல்லாமல் அந்த வேலையில் காலம் தள்ளுவது கஷ்டம் என்று பிறகு புரிந்தது, மழைக்காலத்தில் பயணிகள் குறைந்துவிடுவார்கள், வருமானமும் குறையும். புரிந்தாலும் அந்த நாற்பது நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறைக்கு வந்து, பார்க்காமல் விட்டதைப் புத்தகத்திலாவது பார்க்கலாம் என்று வண்ணப்பக்கத்தைத் திறந்தேன். பாற்கடல் சிற்பத்தின் படம், இரண்டு பக்கத்துக்கு. ஒரு பக்கம் அசுரர்கள், ஒரு பக்கம் தேவர்கள், நடுவில் இருக்க வேண்டிய விஷ்ணு மடிப்புக்குள்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். இதே புத்தகம்தான் அங்கோர் டிக்கெட்டை மாலையில் வாங்கினால் அன்றைய சூரிய அஸ்தமனத்தையும் பார்த்துவிட்டு மறுநாள் முழுவதும் அதையே பயன்படுத்தலாம் என்று சொல்லித் தந்தது. பந்தியாய் ஸ்ரீக்குத் தனியாக அரைநாள் ஒதுக்கச் சொன்னதும் இதுதான். 967இல் குடமுழுக்கான சின்னக் கோவில், சிவந்த மணற்கல்லில் அவ்வளவு நுணுக்கமான வேலை. புத்தகம் சொல்லாமல் இருந்தால் தூரம் என்று விட்டிருப்போம். எழுதியவர்கள் நடந்து பார்த்து எழுதியவர்கள், அதில் சந்தேகமே இல்லை. படத்தைப் பக்கத்தில் அமைத்தவர்தான் அதை ஒரு தடவையாவது கையில் பிடித்துத் தெருவில் நின்று பார்க்கவில்லை.

2015 டிசம்பரில் பாகன் போனபோது முழுப் புத்தகத்தையும் சுமக்க மனமில்லாமல் மியான்மர் பகுதியை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துப் போனேன். 19ஆம் நூற்றாண்டிலேயே பேடெக்கர் என்ற ஜெர்மன் பதிப்பகம், சிவப்பு அட்டைக் கையேடுகளால் பேர் வாங்கியது, சில புத்தகங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளும்படியே கட்டியிருக்கிறது. படங்களைத் தனித் தாளில் அச்சடித்து, மடித்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். விரித்தால் ஊர் முழுதாகக் கிடைக்கும், நடுவில் எதையும் விழுங்கும் மடிப்பு கிடையாது. ஒரு நூலகத்தில் அப்படி ஒரு படத்தை விரித்துப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு மூடி வைத்தேன். அன்றைக்கே செய்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

பாகனில் இந்தப் புத்தகம் என்னைக் கைவிடவில்லை. சமவெளியில் கோவில்கள் பரந்து கிடப்பதால் மடிப்பில் எதுவோ போனாலும் பெரிதாகத் தெரியவில்லை. மின்சார ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அது சொன்ன வரிசையிலேயே சுற்றி, அது சொன்னபடியே ஷ்வேசாண்டோ கோவில்மேல் ஏறி விடியலைப் பார்த்தேன். 2016 ஆகஸ்டில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்து, சூலாமணி கோவிலின் உச்சியே சரிந்தது, அப்புறம் கோவில்கள்மேல் ஏறுவதற்கே தடை வந்தது. அந்த வரி இப்போது பழையதாகிவிட்டது. அதை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மனக்குறை உண்டு, நாத்லாவுங் சாவுங் என்ற விஷ்ணு கோவிலுக்கு நாலு வரிதான் கொடுத்திருக்கிறார்கள். பாகனில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) வணிகர் ஒருவர் நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோவிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. நானாதேசி என்றால் பல தேசம் போய் வணிகம் செய்தவர்கள். இவ்வளவு தூரம் வந்து கதவு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு வரி கிடையாது. தமிழில் யாராவது இந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு நல்ல கையேடு எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

இப்போது கைடு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் 2014க்கு அப்புறம் கைடே வேண்டாம் என்றிருந்த என் மனசை மாற்றியவர் ஒருவர் உண்டு. 2018, இந்தோனேசியாவின் ஜாவாவில் இருக்கிற போரோபுதூர் என்ற பெரிய பௌத்தக் கட்டடம். அறுபதைத் தாண்டிய ஜாவாக்காரர். அங்கே பெரியவர்களை 'பாக்' என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எல்லாரும் மேலே ஏறிக் கொண்டிருக்க, அவர் என்னை நேராகத் தென்கிழக்கு மூலைக்கு, அடித்தளத்துக்குக் கூட்டிப் போனார். அந்தக் கட்டடத்தின் அடியில் 160 சிற்பப் பலகைகள் கற்களால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. 1885இல்தான் அவை இருப்பதே தெரிந்தது. பிரித்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி மூடிவிட்டார்கள், தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் திறந்து கிடக்கின்றன. ஒரு பலகையின் மேல்விளிம்பில் சின்ன எழுத்துகளைக் காட்டி, சிற்பிக்கு எழுதிய குறிப்பு என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "விரூப" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விரூபம், அவலட்சணமான முகம், கீழே அப்படியே கோணல் முகங்கள். அர்த்தத்தை அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன், அவர் சிரித்தார்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டதற்கு, "கட்டடம் சரியாமல் இருக்க என்று சிலர் சொல்கிறார்கள், வேறு காரணமும் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது" என்றார். தெரியாது என்று சொன்ன கைடை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, தரைப்படத்தில் அந்த மூலை குறிக்கப்படவில்லை என்று பார்த்துவிட்டு, என் பேனாவாலேயே அங்கே ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். படத்தின் நடுவில் இருந்த பெரிய ஸ்தூபி மடிப்பில் நசுங்கிக் கிடந்தது, அதை விரலால் நீவி விட்டும் பார்த்தார்.

2024 பிப்ரவரியில் மறுபடி சியம் ரீப், இந்தத் தடவை தனியாக. கையேட்டில் இருந்த எண்கள் எல்லாம் காலாவதி. அங்கோருக்கு ஒருநாள் டிக்கெட் 20 டாலர் என்று போட்டிருக்கும், அது 2017 பிப்ரவரியிலேயே 37 டாலர் ஆகிவிட்டது. டிக்கெட் கொடுக்கும் இடம் மாறிவிட்டது. விமான நிலையமே மாறி, ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இதற்கெல்லாம் புத்தகத்தைத் திட்ட மாட்டேன், அச்சடித்ததுக்கு வயசாகும். வழிக்கு போன் இருந்தது, பாலமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

கைடு ஒரு பெண், கோவிட் நேரத்தில் வேலையில்லாமல் இரண்டு வருஷம் ஊரில் நெல் நட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். கிளம்பும் முன்பே, எதைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். பாற்கடல் என்றேன். காலை வெளிச்சம் கிழக்குச் சுற்றில் விழும்போது நேராக அங்கே போய் ஒரு மணிநேரம் நின்றோம். அசுரர்கள் 92, தேவர்கள் 88 என்று சொல்லி, வேண்டுமானால் எண்ணுங்கள் என்று ஒதுங்கி நின்றார். எண்ணினேன். கீழே கடலில் மீன்களும் முதலைகளும், மத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவை சுழலில் அகப்பட்டுத் துண்டு துண்டாகத் தெறித்துக் கிடக்கின்றன. தூரத்தில் இருப்பவை முழுதாக நீந்துகின்றன. நடுவில் விஷ்ணு, மடிப்பில்லாமல். அம்மாவை அங்கே நிற்க வைக்க முடியாமல் போனதே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயணத்தோடு புத்தகம் தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. பைண்டர் பார்த்துவிட்டு, "கம் பைண்டிங்மா, பக்கவாட்டுல தைச்சா அரை இஞ்ச் உள்ள போயிடும்" என்றார். இன்னும் அரை இஞ்சா என்று எனக்குப் பகீரென்றது. பாலத்துக் கதையை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படம் இருக்கிற ஒவ்வொரு தாளின் உள் ஓரத்திலும் ஒரு பட்டைத் தாளை ஒட்டி, அந்தப் பட்டையைத் தையலுக்குக் கொடுத்தார். படங்கள் இப்போது மேசையில் தட்டையாக விரிகின்றன. அம்புக்குறி இருப்பதால் ஓரம் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், வெட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் சியம் ரீப் பக்கத்தைத்தான் திறந்தேன். பழைய சந்தைக்குப் பக்கத்தில் ஆற்றின்மேல் மெல்லிய கோடு, நடைபாலம் என்று பொடி எழுத்தில் பெயரோடு. 12 வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

அதனால் சித்தி மகளுக்கு என் பதில், இந்த மாதிரிப் பசையால் ஒட்டிய தடிப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதே, என்னுடையதையும் கேட்காதே, அது இனி வீட்டை விட்டு வெளியே போகாது. கைடு வை. கிளம்புவதற்கு முன்னாலேயே கடை வேண்டாம் என்று சொல்லிவிடு, அதற்குச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே கொடு. படம் இருக்கிற பக்கங்களை நகல் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பாலத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன், சித்தியையும் கூட்டிப் போகிறாய் இல்லையா.