டர்பன் ஈரக்காற்றில் வினைல் எழுத்து: பல வருடம் வெட்டி ஒட்டிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் கடையில், வினைலைக் கத்தியால் எழுத்தாக வெட்டும் ரோலண்ட் ஜிஎஸ்-24 பிளாட்டரையும், ஓராகல் 651, 951 ஆகிய இரண்டு வினைல்களையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கடைப் பலகை, பக்கி எனப்படும் சின்னச் சரக்கு வண்டியின் கதவு, டாக்சியின் பின் கண்ணாடி, கோயில் அறிவிப்பு என்று எல்லா வேலையும் வரும். இயந்திரம் எப்படி என்று கேட்டால் நல்ல இயந்திரம் என்று தயங்காமல் சொல்வேன். 584 மில்லிமீட்டர் அகலம் வரை வெட்டும். கத்தியின் அழுத்தத்தை 350 கிராம் வரை கூட்டலாம். சாதாரண வினைலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆனால் ஒட்டிய எழுத்து வருடக்கணக்கில் நிற்பதும் சில மாதங்களில் ஓரம் தூக்குவதும் பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல. எந்தப் பரப்புக்கு எந்த வினைலை எடுத்தோம், ஒட்டும்போது அந்தப் பரப்பு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு காய்ந்து இருந்தது என்பதுதான் விஷயம். கடற்கரை ஊரான டர்பனில் பரப்பு காய்ந்திருப்பதுதான் முக்கியம்.

முதலில் வினைல். 651 உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தயாரிக்கப்படுவது. தேய்த்த ரொட்டி மாவு கட்டையை எடுத்ததும் சற்று உள்வாங்குமே, அந்தக் குணம் அதற்கு எப்போதும் உண்டு. வெயில் பட்டால் மெல்லச் சுருங்கும். எழுத்தைச் சுற்றிப் பசைக்கோடு வெளியே தெரியும், அதில் தூசு ஒட்டிக் கறுத்துப்போகும். 951 திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. சுமார் 50 மைக்ரான் தடிமன்தான், உள்ளே இழுவிசை கிடையாது, போட்ட இடத்தில் கிடக்கும். தட்டையான பலகைக்கும் கண்ணாடிக்கும் 651 தாராளமாகப் போதும், அங்கே 951 போடுவது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவது. ஆனால் வண்டியின் வளைவு, ஆணித்தலை, பள்ளம் உள்ள தகடு என்றால் 951தான். விலை அதிகம் என்று யாராவது தயங்கினால், எழுத்தைச் சின்னதாக்கித் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள் என்பேன். பள்ளத்தில் 651-ஐ இழுத்து ஒட்டித் தருவதில்லை.

கத்தி விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் ஒன்று போலவே தடுமாறுகிறார்கள். வெட்டவில்லை என்றதும் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். முதலில் கத்தி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். வினைலின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். அதிகம் நீட்டினால் வினைலின் பசைப்பக்கத்தை மூடியிருக்கும் பின்தாளையும் கிழிக்கும், அடியில் உள்ள டெஃப்லான் பட்டையிலும் கோடு விழும். அந்தக் கோடு விழுந்த பிறகு புதுக் கத்தி போட்டாலும் அந்த இடத்தில் வெட்டு சரியாக விழாது. ஒவ்வொரு புதுச் சுருளிலும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சோதனை வெட்டு. உரித்த பிறகு பின்தாளில் நகத்தால் தொட்டால் மட்டும் தெரியும் மெல்லிய தடம் இருக்க வேண்டும். சாதாரண வேலைக்கு 45 டிகிரிக் கத்தி, பொடி எழுத்துக்கும் தடித்த வினைலுக்கும் 60 டிகிரி.

தமிழ் எழுத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. தைப்பூசக் காவடிக்கு முன்னால் கோயில்களிலிருந்து வேலை வரும்; தமிழர்கள் உள்பட இந்தியத் தொழிலாளர்கள் 1860-இல் இங்கே வந்திறங்கியதை நினைத்து நவம்பர் 16-க்கும் பலகை கேட்பார்கள். பல தமிழ் எழுத்துருக்களில் துணையெழுத்தோ கொக்கியோ மெய்யெழுத்தின் மேல் ஏறி நிற்கும். திரையில் அது தெரியாது. பிளாட்டர் இரண்டு கோட்டையும் தனித்தனியாக வெட்டும், எழுத்துக்கு நடுவே ஒரு வெட்டு விழுந்துவிடும், பின்னர் அந்த இடம்தான் முதலில் தூக்கும். அதனால் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, வெறும் கோடாகத் திரையில் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். அப்புறம் புள்ளி. தேவையில்லாத வினைலை உரிக்கும்போது முதலில் கூடவே கிளம்பி வருவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ‘கண்ணன்’ என்பதில் ஒரு புள்ளி போனால் அது ‘கணணன்’ ஆகிவிடும், கோயில் வாசலில் அது நிற்கக் கூடாது. புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வேன். உரிக்கும்போது தாளோடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுப்பேன். ண, ணை, இ போன்ற சுழி எழுத்துகளின் உட்சுழியைக் கடைசியில் ஊசிமுனையால் எடுப்பேன். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த தமிழ் எழுத்தை வெட்டித் தருவதில்லை, அச்சடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவதென்றால் திருப்பி வெட்ட வேண்டும். தமிழ் தெரியாத உதவியாளருக்கு எது நேர், எது திருப்பியது என்று தெரியாது, அதனால் அந்தக் கோப்பை நானே பார்த்துத் தருவேன்.

மின்வெட்டு 2022, 2023-இல் மிக மோசமாக இருந்தது. வெட்டும் நடுவில் மின்சாரம் போனால் தொடக்கப் புள்ளி நகர்ந்துவிடும், மீதியை அதே தாளில் சரியாகத் தொடர முடியாது. பிளாட்டருக்கும் கணினிக்கும் ஒரு யுபிஎஸ் வாங்கி வைப்பது வினைல் வீணாவதைவிட மலிவு.

இனி ஈரம். டர்பன் கோடையில் பின்தாள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி விரியும், வினைல் விரியாது. ஓரத்தில் அலை அலையாக எழும்பிச் சுரங்கம் போல ஆகும், அந்த இடத்தில் வெட்டு பிசகும். சுருளை வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். வெட்டியதை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைக்காதீர்கள். காலையில் வண்டித் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும், அதனால் ஒன்பது மணிக்கு முன்னால் வெளியே ஒட்டுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் வேலை செய்பவர்கள் தகடு 10 டிகிரிக்கு மேல் வரும்வரை பொறுக்க வேண்டும்.

சுத்தம் செய்ய முதலில் சன்லைட் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால் தானாக ஆவியாகும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த அழுக்கு திரும்ப அங்கேயே படியும். வண்டியில் மெழுகும் டயர் பளபளப்பு எண்ணெயும் எதிரி. கோயில் கதவிலும் கண்ணாடியிலும் விளக்கில் ஊற்றும் எண்ணெயின் பிசுக்கும் கற்பூரப் புகையும் படிந்திருக்கும். “தம்பி, போன வாரம்தான் கழுவினோம்” என்பார் தர்மகர்த்தா. வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துக் காட்டினால் அவரே இன்னொரு முறை கழுவச் சொல்வார். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் பெயின்ட் முழுதாக உலரும்வரை ஒட்டாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி குமிழாக எழும்பும்.

ஒட்டும்போது நடுவில் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, பாதிப் பின்தாளை வெட்டியெடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்குவீஜி என்னும் தேய்ப்புத் தகட்டை, ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன்மேல் சற்றுப் படும்படி அழுத்தி இழுங்கள். பெரிய தட்டைப் பலகைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டலாம், அப்படியானால் எழுத்துகளைத் தாங்கி வரும் மேல் டேப்பை எடுக்க நேரம் கொடுக்க வேண்டும். டேப்பை மேல்நோக்கிப் பிடுங்காமல், பின்னால் மடித்துத் தாழ்வாக இழுக்க வேண்டும்.

ஒட்டி முடித்த பிறகு ஒரு முழு நாளாவது தண்ணீர் படக் கூடாது, அழுத்தத் தண்ணீரால் கழுவ இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பசை உடனே முழுப் பிடிப்புக்கு வராது. காவடிக்கு முந்தின நாள் மாலை, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே தேரில் எழுத்து ஒட்டச் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். வடக்கு பார்த்த சுவரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். அங்கே சிவப்புக்குப் பதில் கறுப்பு எழுத்தைப் பரிந்துரைப்பேன்; சிவப்புதான் வேண்டும் என்றால் சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பழையதை எடுக்கும் கூலி தனி. வெயிலில் முறுகிய 651-ஐ ஹீட் கன்னால் சூடாக்கி விரல் அகலத்துக்கு உரித்து, மிஞ்சிய பசையைக் கரைத்துத் துடைப்பது புதிதாக ஒட்டுவதைவிட நேரம் பிடிக்கும் வேலை.