கட்டைவிரல் மூட்டுத் தேய்மானமும் மூங்கில் சர்க்குலர் ஊசியும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எனக்கு 66 வயதாகிறது, குன்னூரில் வசிக்கிறேன். இரு கட்டைவிரல்களின் அடிமூட்டிலும் தேய்மானம் இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு, ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்திவிடுவதா, பின்னும் முறையை மாற்றிக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. உல்லன் நூலை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது வாங்கிய மூங்கில் சர்க்குலர் ஊசிகளைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். ஐப்பசியில் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தைக்கான பின்னல் வேலையும் தொடங்கிவிட்டதால், இந்த ஊசிகள் கைக்கு எந்த அளவு உதவின, எங்கே உதவவில்லை என்பதை விரிவாக எழுத இதுவே ஏற்ற நேரம்.

முன்பு நான் வைத்திருந்தவை 35 செ.மீ. நீள அலுமினிய ஊசிகள். அவற்றில் ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி வளர வளர, அதன் பாரம் முழுவதும் ஊசியின் நீளத்தில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். கண்ணிகள் (ஊசியில் ஏற்றிய நூல் வளையங்கள்) வழுக்கி விழுந்துவிடாதிருக்க விரல்கள் தாமாகவே இறுகும். கட்டைவிரல் நுனியில் நாம் கொடுக்கும் அழுத்தம் அடிமூட்டில் பல மடங்காகச் சேர்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கியபோதுதான், வலியின் காரணம் பின்னும் நேரம் மட்டுமன்று, பிடியின் இறுக்கமும் என்பது தெளிவாயிற்று. சர்க்குலர் ஊசியில் இரண்டு குட்டை ஊசிகளை ஒரு மெல்லிய வயர் இணைக்கிறது. பின்னிய துணி அந்த வயரில் அமர்ந்து மடியில் கிடப்பதால், கை சுமப்பது ஊசிமுனையில் இருக்கும் சில கண்ணிகளை மட்டுமே. மூங்கிலின் மேற்பரப்பு நூலைச் சற்றுப் பிடித்துக்கொள்வதால் விரல்களைத் தளர்த்திப் பின்ன முடிகிறது. எங்கள் ஊர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி அதிகாலையில் உலோக ஊசியைத் தொட்டாலே விரல் விறைத்துவிடும். மூங்கில் அப்படிக் கையின் சூட்டை இழுப்பதில்லை. எனக்கு இது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. விலை குறைவாகக் கிடைத்த ஒரு ஊசியில் மூங்கிலும் வயரும் சேரும் இடம் சீராக இல்லாமல், ஒவ்வொரு வரியிலும் நூல் சிக்கியது. வாங்கும்போது அந்த இணைப்பை நகத்தால் தடவிப் பார்ப்பது அவசியம். புது வயர் சுருண்டு நிற்கும்; வெந்நீரில் சற்று நேரம் போட்டு நீட்டினால் சரியாகிவிடும். உலோக ஊசியின் வேகம் மூங்கிலில் வராது. மெல்லிய ஊசிகளின் முனை நாளடைவில் சிலிர்த்து நூலைப் பிரிக்கிறது. நம் கடைகளில் இன்னமும் பழைய பிரிட்டிஷ் எண்களே வழக்கில் உள்ளன. எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண், அதாவது 4 மி.மீ., என் கைக்கு மிகவும் இதமானது. 10ஆம் எண், 3.25 மி.மீ., ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். 12ஆம் எண், 2.75 மி.மீ., எந்தப் பொருளில் செய்திருந்தாலும் எனக்கு இனி ஆகாது.

வலி முற்றிலும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். காலையில் வெதுவெதுப்பான நீரில் கைகளை ஊறவைத்த பிறகே ஊசியை எடுக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அலாரம் அடித்ததும் கண்ணி எங்கிருந்தாலும் கீழே வைத்துவிடுகிறேன். நூலை வலக்கையால் சுற்றும் பழக்கத்தோடு, இடக்கையில் நூலைப் பிடித்து ஊசியால் கொத்தி எடுக்கும் முறையையும் கற்றுக்கொண்டு, மாற்றி மாற்றிப் பின்னுகிறேன். இந்தப் பழக்கங்கள் இல்லாமல் ஊசியை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பயன்கூடக் கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

குழந்தைக்கான திட்டத்தையும் இந்தக் கைகளைக் கேட்டே வகுத்தேன். நூலை ஊசிக்கு முன்பக்கம் வைத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பின்ன வேண்டிய பர்ல் வரிகள்தாம் எனக்கு அதிக வலி தருகின்றன. எனவே முன்பக்கம் திறந்த சட்டையை எல்லா வரியும் பிளெயினாகவே, அதாவது நூலைப் பின்பக்கம் வைத்து எடுக்கும் சாதாரணக் கண்ணியாகவே, பின்னுகிறேன். குல்லாவை வட்டமாகச் சுற்றிப் பின்னுவதால் அதிலும் பர்ல் வராது. துண்டு துண்டாகப் பின்னித் தைத்து இணைப்பதையும் விட்டுவிட்டேன். தையல் ஊசியைக் கிள்ளிப் பிடிப்பதைப் போல அடிமூட்டை வருத்தும் வேலை வேறில்லை. கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரே துண்டாகப் பின்னினால் தையல் தேவையில்லை. குழந்தையின் தோலை உறுத்தும் மடிப்பும் இருக்காது.

குழந்தை வேகமாக வளரும் என்பதால் அளவைப் பெரிதாக எடுக்கச் சொல்வார்கள். ஆனால் மகள் மாசியில் மதுரைக்குத் திரும்பிவிடுவாள். அங்கே கம்பளிக்கு வேலையில்லை. ஆகவே சட்டை இந்தக் குளிருக்குள் பொருந்தியாக வேண்டும். மூன்று மாதக் குழந்தையின் மார்புச் சுற்றளவு சுமார் 40 செ.மீ. என்று கொண்டு, 45 செ.மீ. சட்டையாகத் திட்டமிட்டிருக்கிறேன்.

நூல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பேபி உல் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக். துவைக்க எளிது, ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கணப்புச் சட்டி வைக்கும் வீடுகள் இன்னும் உள்ள மலையில் இதை மறக்கலாகாது. (மூடிய அறையில் கரிக்கணப்பு வைப்பதே உயிருக்கு ஆபத்து, அதை யாரும் செய்ய வேண்டாம்.) இழுபடும் தன்மையுள்ள மெரினோ கம்பளி விலை கூடுதல் என்றாலும் விரல்களோடு ஒத்துழைக்கிறது; இழுபடாத பருத்தி நூல் என் கையை வருத்துகிறது. முடி உதிரும் மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி நூல்) வேண்டாம்; குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் துளை வேலைப்பாடும் கழுத்து நாடாவும் வேண்டாம். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் எடுத்திருக்கிறேன். மாலை வெளிச்சத்தில் என் கண்களுக்கும் கண்ணிகள் தெளிவாகத் தெரிகின்றன.

பிறப்பதற்கு முன் எதையும் எடுத்து வைக்கக் கூடாது என்பது சம்பந்தி அம்மாவின் நம்பிக்கை. பிறந்தவுடன் பழைய வேட்டித் துணிதான் சுற்றுவோம் என்பதால், அதுவரை இவை என் அலமாரியிலேயே இருக்கும். பொத்தான்களை மகளே தைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். காலுறைகளைக் கடையில் வாங்கிவிடுவோம். 5 மி.மீ. ஊசியில் தடித்த நூலால் ஒரு போர்வை பின்னவும் ஆசை இருக்கிறது. ஆனால் அது வளர வளர வரிதோறும் அதைத் திருப்புவதே கைக்குப் பாரமாகும் என்பதால், சட்டை முடிந்த பிறகு கட்டைவிரல் இருக்கும் நிலையைப் பார்த்துத்தான் நூல் வாங்குவேன்.